ஸ்கிட் ஸ்டீயரில் பனி பிளேடு மக்கர் செய்கிறதா? ஹைட்ராலிக் கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

பனி பிளேடு சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் பலரும் முதலில் கை வைப்பது சிலிண்டரில்தான். சீல் கிட் வாங்கி, சிலிண்டரைப் பிரித்து, புது சீல் போட்டுப் பூட்டுவார்கள். அடுத்த பனிக்கும் பிளேடு பழையபடி மடங்கும். கோளாறு லோடரிலா (ஸ்கிட் ஸ்டீயர் வண்டியேதான்), கப்ளரிலும் (ஓஸ்களை லோடரோடு சேர்க்கும் இணைப்பு) ஓஸிலுமா (எண்ணெய்க் குழாய்), பிளேடிலேயா என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்ததுதான் காரணம். பிரித்துப் பார்ப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பாதிச் சோதனைகளுக்கு ஸ்பேனரே வேண்டாம்.

ஒண்டாரியோ, கியூபெக் பக்கம் பார்க்கிங் லாட்டுகளில் பனி ஒதுக்கும் ஸ்கிட் ஸ்டீயர்களையும், அவற்றில் மாட்டும் சாதாரணக் கோண பிளேடையும் வைத்தே இங்கே பேசுகிறோம். பிக்கப் டிரக்கில் மாட்டும் பிளேடுக்குத் தனியாக ஒரு சிறு மின்பம்ப் இருக்கும். ஸ்கிட் ஸ்டீயரில் அது கிடையாது. பிளேடை இடது வலதாகத் திருப்புவது லோடரின் ஆக்ஸிலரி லைன், அதாவது மாட்டும் கருவிகளுக்கு எண்ணெய் தரும் துணை லைன். தூக்கி இறக்குவது லோடரின் கைகள். ஆகவே பிளேடு திரும்புகிறது, ஆனால் மேலே எழவில்லை என்றால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள், லோடரைப் பாருங்கள்.

திருப்பும் அமைப்பு எளியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், குறுக்காக இணைத்திருக்கும். இடது சிலிண்டரின் அடிப்பக்கமும் வலது சிலிண்டரின் ராடு (நீண்டு சுருங்கும் தண்டு) பக்கமும் ஒரு லைனில் சேரும். மற்ற இரண்டும் இன்னொரு லைனில் சேரும். இரு லைன்களுக்கும் நடுவில் ஒரு வால்வு பிளாக், அதற்குள் குறுக்கு ரிலீஃப் வால்வுகள் இரண்டு. பிளேடின் முனை நடைபாதைக் கல்லில் மோதும்போது ஒரு லைனில் ஏறும் அழுத்தத்தை அடுத்த லைனுக்குத் திறந்துவிட்டு, ராடு வளையாமல் காப்பது இவற்றின் வேலை. கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த இணைப்பை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் பிளேடில் ஓஸ்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

பிளேடைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, உங்கள் லோடரின் கையேடு சொல்லும் முறையில் ஆக்ஸிலரி லைனின் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே எந்த நட்டையும் தளர்த்த வேண்டும். லோடர் கைகளைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்வதானால் கைத்தாங்கி பூட்டியிருக்க வேண்டும்.

கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து 3,000 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது சின்னப் புள்ளிதான், முதல் சில மணி நேரம் வலி கூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஏதும் நேர்ந்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். ‘ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டது’ என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். கசிவு தேட அட்டைத்துண்டு போதும். ஓஸின் ஓரமாக அட்டையை நகர்த்தினால் எண்ணெய் கோடு போட்டுக் காட்டும்.

பிளேடு அசையவே இல்லை

முதலில் இருக்கையிலிருந்தே பாருங்கள். மடித்தடுப்பு (மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி) முழுவதும் இறங்கியிருக்கிறதா? பல லோடர்களில் ஒவ்வொரு முறை இஞ்சினை இயக்கியதும் ஆக்ஸிலரியைத் தனியாக ஒரு பட்டனை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோகும் விஷயம் இது.

அடுத்தது கப்ளர். குளிர்காலக் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு. தட்டைமுகக் கப்ளரின் முகத்தில் ஒட்டிய ஈரம் உறைந்து மெல்லிய பனித்தகடாக நிற்கும். அதன்மேல் வைத்து அழுத்தினால் இரண்டு பாதிகளும் சேர்ந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே வால்வு பாதிதான் திறந்திருக்கும். வெளிவளையம் ‘டிக்’ என்று முன்னே வந்து உட்கார வேண்டும், வளையத்தைத் திருப்பினால் பூட்டு விழ வேண்டும். உட்காரவில்லை என்றால் கழற்றி, துணியால் துடைத்து, வெப்பக்காற்று ஊதியால் மிதமாகச் சூடாக்கித் திரும்ப மாட்டுங்கள். நெருப்பு காட்டக்கூடாது. உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது, சுற்றிலும் எண்ணெய் இருக்கிறது.

கப்ளர் சேரவே மறுத்தால் பிளேடு பக்க ஓஸுக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று பொருள். வெளியே மைனஸ் 15 டிகிரியில் கழற்றிய பிளேடைச் சூடான கராஜுக்குள் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறிவிடும். சுத்தியலால் கப்ளரைத் தட்டாதீர்கள். முகம் நசுங்கினால் பிறகு எப்போதும் கசியும். பிளேடு பக்கத்தில் ஒரு ஓஸ் நட்டைத் துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் சுற்று மெதுவாகத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கிவிடும். கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

பிளேடு கோணத்தில் நிற்கவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் பழுது பார்க்கப்படுவதும் இதுதான். வெறும் தரையில் பிளேடு நன்றாகத் திரும்புகிறது. பனிமேட்டில் முனை பட்டதும் பின்னால் மடங்குகிறது. சந்தேகத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்: லோடரின் ஆக்ஸிலரி வால்வு, குறுக்கு ரிலீஃப், சிலிண்டரின் பிஸ்டன் சீல்.

பிளேடை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இஞ்சினை நிறுத்தி, இரண்டு கப்ளர்களையும் கழற்றுங்கள். கழற்றியதும் கப்ளர்கள் தாமாக மூடிக்கொண்டு பிளேடுக்குள் இருக்கும் எண்ணெயை அடைத்துவிடும். ஓஸ்களைத் தரையில் இழுபடாமல் கட்டிவிட்டு, பிளேடின் முன்முனையால் ஒரு பனிக்குவியலை மெதுவாகத் தள்ளுங்கள். மோதாதீர்கள், மோதினால் நல்ல ரிலீஃபும் திறக்கத்தான் செய்யும். பிளேடு இப்போது உறுதியாக நின்றால் பிளேடில் குறையில்லை, லோடரின் வால்வில்தான் கசிவு. இப்போதும் மடங்கினால் லோடர் தப்பியது, கோளாறு பிளேடுக்குள்தான்.

பிளேடுக்குள் ரிலீஃபா, சீலா? திசை ஒரு குறிப்புத் தரும். பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெய் இரு திசையிலும் கடந்து போகும், ஆகவே இடது கோணத்திலும் வலது கோணத்திலும் மடங்கும். ஒரு பக்கம் மட்டும் மடங்கினால் முதலில் அந்தப் பக்கத்து ரிலீஃபைச் சந்தேகியுங்கள். இரண்டு ரிலீஃப் கார்ட்ரிட்ஜ்களும் (பிளாக்கிலிருந்து கழற்றக்கூடிய வால்வுகள்) ஒரே வகை என்றால் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். குறை அடுத்த பக்கம் தாவினால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும் அதன் முனை உட்காரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மணல் துகள், டெஃப்லான் டேப்பின் ஒரு இழை, அறுந்த ஓ-ரிங் துண்டு இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கழுவி, ஓ-ரிங்கையும் அதன் தாங்கு வளையத்தையும் மாற்றிப் பூட்டினால் போதும். திருகைச் சரிசெய்வதானால் முதலில் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லா நிற்கும்’ என்று முழுதும் இறுக்கிவிட்டால், அடுத்த கல்லில் மோதும்போது திறப்பதற்கு வால்வு இருக்காது, ராடுதான் வளையும்.

ரிலீஃப் சுத்தமாக இருந்தால் சிலிண்டரைச் சோதியுங்கள். இடது சிலிண்டர் முழுதாக நீளும்வரை பிளேடைத் திருப்புங்கள். இஞ்சினை நிறுத்தி, அழுத்தம் வெளியேற்றி, இடது சிலிண்டரின் ராடு பக்க ஓஸை மட்டும் கழற்றுங்கள். கழற்றிய ஓஸின் வாயை அடையுங்கள். சிலிண்டரின் துளையில் ஒரு சிறு ஓஸ் பூட்டி அதன் மறுமுனையை வாளியில் விடுங்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்து, இஞ்சினை ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) வைத்து, அதே திசைக்கு இரண்டு மூன்று விநாடி அழுத்தம் கொடுக்கட்டும். மற்றவர் தள்ளி நின்று வாளியைப் பார்க்கட்டும். முதலில் தேங்கியிருந்த எண்ணெய் கொஞ்சம் வரும், அது கணக்கில்லை. அதன் பிறகும் நிற்காமல் ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. ஓஸைத் திரும்பப் பூட்டி, வலது சிலிண்டருக்கு எதிர்த் திசையில் இதையே செய்யுங்கள்.

அடைக்க வேண்டியது ஓஸின் வாயைத்தான், சிலிண்டரின் துளையை ஒருபோதும் அடைக்கக்கூடாது. 3 அங்குல போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 2 அங்குல ராடும் உள்ள சிலிண்டரில் ராடு பக்கத்தின் பரப்பு அடிப்பக்கத்தில் 9-இல் 5 பங்குதான். ராடு பக்கத்தை அடைத்துவிட்டு அடியில் 3,000 பி.எஸ்.ஐ. கொடுத்தால் அடைபட்ட பக்கத்தில் 5,400 வரை ஏறும். அடைப்பு தெறிக்கும், அல்லது சிலிண்டரின் கழுத்து தெறிக்கும்.

சீல் மாற்றும்போது ‘யு’ வடிவச் சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதுச் சீலும் முதல் நாளே கசியும். ராடைச் சமதளத்தில் உருட்டி வளைவு பாருங்கள். சாலை உப்பு அரித்த குழிகளை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் புதுச் சீலை அது ஒரே சீசனில் அறுத்துவிடும், ராடையும் மாற்றுவதே சிக்கனம். இத்தனைக்கும் முன்னால் ஒரு வார்த்தை: நடு முளையும் சிலிண்டர் முளைகளும் தேய்ந்திருந்தாலும் பிளேடு ஆடும். கடப்பாரை வைத்து அசைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மெதுவாக, திக்கித் திக்கித் திரும்புகிறது

எவ்வளவு மெதுவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 3 அங்குல போர், 1.5 அங்குல ராடு, 10 அங்குல ஓட்டம் (ராடு நகரும் தூரம்) கொண்ட இரண்டு சிலிண்டர்கள் முழுதும் திரும்ப ஏறக்குறைய 2 லிட்டர் எண்ணெய் போதும். ஆக்ஸிலரி லைன் நிமிடத்துக்கு 75 லிட்டர் தந்தால் 2 விநாடிக்குள் முடிய வேண்டிய வேலை. பல பிளேடுகளில் எண்ணெய் பாய்வதைக் குறைக்கச் சிறு துளைத்தகடு ஒன்று இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகும். சூடான எண்ணெயிலும் 8, 10 விநாடி எடுத்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

காலையில் மட்டும் மெதுவு, ஒரு மணி நேரத்தில் சரியாகிறது என்றால் அது பழுதல்ல, எண்ணெயின் தடிமன். கோடைக்கு ஊற்றிய எண்ணெய் மைனஸ் 25-இல் தேன் மாதிரி நிற்கும். கையேடு அனுமதிக்கும் குளிர்கால எண்ணெய்க்கு மாறுங்கள். இஞ்சினைக் குறைந்த வேகத்தில் 10, 15 நிமிடம் ஓடவிட்டு, லோடர் கைகளையும் பிளேடையும் மெதுவாக அசைத்துச் சூடேற்றுங்கள். பம்ப் ஊளையிட்டால் எண்ணெய் போதிய அளவு உள்ளே போகவில்லை என்று அர்த்தம், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அது வால்வுக்குள் உறையும். நுரைத்திருந்தால் காற்று. அளவு குறைந்திருக்கலாம், அல்லது பம்புக்குப் போகும் உறிஞ்சு ஓஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம்.

ஒரு திசையில் மட்டும் மெதுவு என்றால் கப்ளர், துளைத்தகடு, ஓஸ் மூன்றையும் பாருங்கள். பழைய ஓஸின் உள்தோல் உரிந்து மடல்போல் நின்று, ஒரு பக்கம் போகவிட்டு மறுபக்கம் மறிப்பதுண்டு. வெளியே பார்த்தால் ஓஸ் புதிதுபோல இருக்கும். பிளேடின் வால்வு பிளாக்கில் இரண்டு ஓஸ்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பிளேடு எதிர்ப்பக்கமாகத் திரும்பும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெதுவும் அடுத்த திசைக்கு மாறினால் கோளாறு ஓஸ், கப்ளர் அல்லது லோடரில். மாறாவிட்டால் பிளாக்கில் அல்லது சிலிண்டரில்.

லோடரின் எல்லா அசைவும் சோர்ந்திருந்தால் ஃபில்டர், மெயின் ரிலீஃப், பம்ப் என்ற வரிசையில் போங்கள். 5,000 பி.எஸ்.ஐ. கேஜ் ஒன்றைக் கப்ளரில் மாட்டி, சில விநாடி மட்டும் அழுத்தம் பிடித்துக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான லோடர்களில் 3,000 முதல் 3,500 வரை வரும்.

எண்ணெய் காரணமின்றிச் சூடாகி, இஞ்சின் திணறினால் ஆக்ஸிலரி ‘தொடர் ஓட்ட’ நிலையில் (எண்ணெய் நிற்காமல் பாயும் நிலை) மாட்டியிருக்கிறதா பாருங்கள். சாதாரணக் கோண பிளேடுக்கு அது தேவையில்லை. போக வழியில்லாத எண்ணெய் ரிலீஃப் வழியே சுற்றிச் சுற்றிச் சூடேறும். ஹை-ஃப்ளோவும் (அதிக அளவு எண்ணெய் தரும் நிலை) பிளேடுக்கு வேண்டாம்.

வி-பிளேடில் மின்வால்வு

வி-பிளேடுக்குத் தனித்தனியாக அசையும் இரண்டு சிறகுகள் உண்டு, அவற்றுக்கு எண்ணெயைத் திறந்துவிடுவது மின்வால்வு. ஒரு சிறகு மட்டும் அசையவில்லை என்றால் எண்ணெயை விட மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் சுவிட்சை அழுத்த, மற்றவர் ஸ்க்ரூ டிரைவர் முனையைக் மின்வால்வுக் காயிலின் (கம்பிச் சுருள்) நட்டருகே கொண்டுபோகட்டும். காந்தம் இழுத்தால் மின்சாரம் வருகிறது, வால்வுதான் சிக்கியிருக்கிறது. இழுக்கவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்யுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காயில் பொதுவாக 6 முதல் 10 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்தது. பக்கத்துக் காயிலை மாற்றி மாட்டிப் பார்ப்பது இன்னும் எளிது. சில பிளாக்குகளுக்கு ஆக்ஸிலரி தொடர் ஓட்டத்தில் இருந்தே ஆக வேண்டும், உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள்.

பூட்டும்போது

கூம்புமுக இணைப்பிலும் ஓ-ரிங் இணைப்பிலும் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. ரிலீஃபில் சிக்கும் இழை அங்கிருந்துதான் வருகிறது. புது ஓஸ் போட்டு இறுக்கியதும், பிளேடை மெதுவாக இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ஓஸ் எங்கும் நசுங்கவோ உரசவோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். அரை அங்குல இரட்டைக்கம்பி ஓஸை 7 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். எல்லாம் இறுக்கிய பின் ஐடிலில் ஐந்தாறு முறை முழு ஓட்டம் கொடுத்தால் காற்று தொட்டிக்குப் போய்விடும். அதன் பிறகு கைகளை இறக்கி எண்ணெய் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, கப்ளர்களுக்கு மூடி மாட்டி, வெளியே தெரியும் ராடுகளில் கிரீஸ் பூசி வையுங்கள்.