நீலகிரியில் பழைய அட்வென்ச்சர் பைக்: பார்ப்பது எப்படி, விலை போடுவது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் விற்பனைக்கு வரும் ஒரு அட்வென்ச்சர் பைக் (கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற உயரமான வண்டி) 15,000 கி.மீ. ஓடியிருந்தால், சமவெளியில் அதே தூரம் ஓடிய வண்டியோடு அதை ஒப்பிடக் கூடாது. இங்கே வண்டி ஏறும்போது சிறிய கியரில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏறும். இறங்கும்போது பிரேக் சூடேறச் சூடேற இறங்கும். அதனால் மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். கிளட்ச், பிரேக், ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்), கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆகிய நான்கும்தான் மலை வண்டியின் உண்மையான வயதைச் சொல்லும்.

1. எந்த வண்டி என்று முடிவு செய்யுங்கள்

முதலில் கால் எட்டுகிறதா என்று பாருங்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ன் சீட் உயரம் 800 மி.மீ., ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு 823, முதல் தலைமுறை கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு 855. ஷோரூம் தரையில் எட்டும் கால், சரிவில் பள்ளத்துப் பக்கம் ஊன்றும்போது எட்டாமல் போகும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நீங்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது எடை. எக்ஸ்பல்ஸ் 155 கிலோவை ஒட்டியது. ஹிமாலயன் 200 கிலோவை நெருங்கும். ஈரமான எஸ்டேட் ரோட்டில் விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க வேண்டியிருக்கும் என்றால் அந்த 40 கிலோ பெரிய வித்தியாசம். புதிதாக ஓட்டுபவருக்கு எடை குறைந்த வண்டியே நல்லது. காட்டுப் பாதையில் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு பெரிய வண்டி வாங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், எஸ்டேட் ரோட்டுக்கும் அனுமதி வேண்டும்.

2. காலையில், இன்ஜின் சூடாகும் முன் போங்கள்

டார்ச், பழைய துணி, வெர்னியர் காலிப்பர், சின்ன ஸ்பேனர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை முதலில் கையால் தொடுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஊட்டிக் குளிரில் கார்புரேட்டர் வண்டிக்குச் சோக் தேவைப்படுவது இயல்பு. முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவியும் அப்படித்தான். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே அப்படித்தான் புகையும். அது டியூனிங்கில் சரியாகும், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம்.

3. முன்பக்கத்தில் நேரம் செலவிடுங்கள்

ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி பத்து முறை அழுத்துங்கள். ஆயில் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. குழாயில் நகம் தட்டும் கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும், செலவு பல மடங்காகும்.

அடுத்து கோன் செட். ஒருவர் பின்னால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் லூஸ். ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நேர் நிலையில் 'குழியில்' விழுவதுபோல் சிக்கினால் பேரிங் பள்ளம் விழுந்துவிட்டது, டைட் செய்து சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.

அங்கேயே குனிந்து, ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது மோதி நிற்கும் சிறிய இரும்பு நிறுத்தத்தைப் பாருங்கள். அது வளைந்தோ உடைந்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி. அதை ஒட்டிய வெல்டிங்கில் பெயின்ட் வெடிப்பு, புது பெயின்ட் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். எவ்வளவு விலை குறைத்தாலும் சேஸி விரிசலோடு மலை இறங்கக் கூடாது.

ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது லூஸ். நீலகிரி ஈரத்தில் ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நட்) துருப்பிடித்து இறுகிவிடும். திருப்பினால் திரும்பாமல் ஸ்போக் முறியும், அப்போது ரிம்மைக் கழற்றி முழுதாகக் கட்ட வேண்டும். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெர்னியரில் அளந்து பாருங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் அதிகம் சூடேறியது. பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கும். நீண்ட இறக்கத்தில் கொதித்து லீவர் பஞ்சாகிப் போகும்.

பின்னால் செயினை ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பின்முனையில் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

4. ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை

நீளமான ஏற்றத்தில் நாலாம் கியர், 40 கி.மீ. வேகம், ஆக்சிலேட்டரை முழுதாகத் திருப்புங்கள். சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. உயரத்தால் இழுவை கொஞ்சம் குறைவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உயரத்தால் வரும் குறையில் சத்தமும் சேர்ந்தே மெதுவாக ஏறும்.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மூடி இன்ஜின் பிரேக்கிலேயே கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு திறவுங்கள். பின்னால் வருபவர் புகையைப் பார்க்கட்டும். அந்த நொடியில் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். சமவெளியில் இந்தக் குறை எளிதில் தெரியாது.

5. விலை

இன்சூரன்சின் ஐடிவி (காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு) தேய்மானக் கணக்கை அடித்தளமாக எடுங்கள்: ஷோரூம் விலையில் 1 முதல் 2 ஆண்டுக்கு 20%, 2 முதல் 3-க்கு 30%, 3 முதல் 4-க்கு 40%, 4 முதல் 5-க்கு 50% கழிவு. ஷோரூம் விலை 2,00,000 என்று வையுங்கள். மூன்றரை வருட வண்டி 1,20,000. நீங்கள் கண்ட குறைகளுக்கு மெக்கானிக்கிடம் பாகமும் கூலியும் சேர்த்து விலை கேளுங்கள். டயர், செயின் செட், கோன் செட் சேர்த்து 18,000 வந்தால் உங்கள் பேச்சு 1,02,000-ல் தொடங்கட்டும். சாமான் பெட்டி, க்ராஷ் கார்ட், கூடுதல் விளக்குக்குப் போட்ட காசை விற்பவர் முழுதாகக் கேட்பார். உங்களுக்குத் தேவையானதற்குப் பாதி கொடுக்கலாம், மற்றதற்குக் கொடுக்க வேண்டாம்.

6. காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேஸி, இன்ஜின் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. கூடலூர் பக்கம் கர்நாடக, கேரளப் பதிவு வண்டிகள் மலிவாக வரும்; அந்த மாநில ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றும் (படிவம் 28) இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துப் பார்த்தால் பல சமயம் அந்த மலிவு கரைந்துவிடும். கையெழுத்திட்ட படிவங்கள் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை 30 நாளுக்குள் கொடுங்கள், இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால், பிரீமியத்தில் கூடும் அந்தத் தொகையையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.