பிள்ளைகள் தொலைக்காட்சி பார்ப்பதற்கு அளவு வைப்பது எப்படி?

பிள்ளைகள் தொலைக்காட்சி பார்ப்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்த வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். வயது குறையக் குறையக் கண்டிப்பும் கூட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது; 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது.

நடைமுறையில், கடிகாரத்தைப் பார்த்துக் கதையின் நடுவில் ரிமோட்டைப் பிடுங்குவதால்தான் பாதி அழுகை வருகிறது. அதற்குப் பதிலாக, எத்தனை நிகழ்ச்சிகள் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட்டு, யூடியூப் போன்ற செயலிகளில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். ஒரு கதை முடிந்து திரை அசையாமல் நின்றுவிட்டால், எழுந்து போவது பிள்ளைக்கும் எளிதாகிறது.

சோறு ஊட்டும்போது கார்ட்டூன் போட்டுவிடும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், ஏனெனில் திரையில் கண் பதித்த குழந்தை வயிறு நிறைந்ததைக் கூடக் கவனிக்காமல் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் திரை வேண்டாம். இதற்கு உண்மையான இடைஞ்சல் பிள்ளைகள் அல்லர், இரவு ஏழு மணி முதல் கூடத்தில் வரிசையாக ஓடும் பெரியவர்களின் நெடுந்தொடர்களே என்பது என் எண்ணம். அவற்றைப் பிள்ளைகள் உறங்கிய பிறகு, அந்தந்தத் தொலைக்காட்சிகளின் செயலிகளில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.