'ஷன்' தெரிந்தால் ஆறு மொழிகளில் பாதி வேலை முடிந்தது

ஐரோப்பிய மொழி ஏதாவது படிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா? முதல் வாரத்திலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். இன்ஃபர்மேஷன், நேஷன் என்று ஆங்கிலத்தில் 'ஷன்' ஒலியில் முடியும் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் வழி வந்தவை. அதே ஈறு பிரெஞ்சில் 'சியோன்', ஸ்பானியத்தில் 'சியோன்', இத்தாலியத்தில் 'ட்ஸியோனே', ஜெர்மனில் 'ட்ஸியோன்', ரஷ்யத்தில் 'ட்ஸியா' என்று வரும். இன்ஃபர்மேஷன் ஸ்பானியத்தில் இன்ஃபொர்மாசியோன், இத்தாலியத்தில் இன்ஃபொர்மாட்ஸியோனே. அவ்வளவுதான்!

இதைவிடப் பெரிய லாபம் பால் விஷயத்தில். நாற்காலி ஆணா, மேஜை பெண்ணா என்று நாம் தவிக்கும் இந்த மொழிகளில் இந்த ஈறுள்ள சொற்கள் பெண்பால். ஆங்கிலத்தின் 'தி' போலச் சொல்லுக்கு முன்னால் வரும் பெண்பால் அடைசொல்லாக ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 'லா' போடுங்கள் (இத்தாலியத்தில் உயிர் ஒலிக்கு முன் அது 'ல்' என்று சுருங்கும்), ஜெர்மனில் 'டீ'. பிரெஞ்சிலும் 'லா'தான் (உயிர் ஒலிக்கு முன் 'ல்'), கோட்டைக் கொத்தளத்தைக் குறிக்கும் 'பஸ்தியோன்' போன்ற ஓரிரு சொற்கள் மட்டும் அங்கே ஆண்பால்.

பொருளை மட்டும் அகராதியில் பார்த்துவிடுங்கள். பிரெஞ்சு 'லொகாசியோன்' இடத்தைக் குறிக்காது, வாடகையைக் குறிக்கும். பாரிஸில் சைக்கிள் வாடகைக்கு எடுக்க அந்தப் பலகையைத்தான் தேட வேண்டும்.