பெற்றோர் சேர்ந்து நடத்தும் குழந்தைக் காப்பகம்: சேலத்தில் தொடங்கும் முறை

அம்மாபேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தத்துக்கு நடுவே தூளி கட்டித்தான் பல வீடுகளில் குழந்தை தூங்குகிறது. சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைப் புகைக்கு அருகில். அங்கன்வாடியில் நாள் முழுக்க விட இரண்டு வயதாவது ஆக வேண்டும். தறி ஓயும் முன்பே அது மூடியும் விடும். கைக்குழந்தைகளுக்கு வழி வேண்டுமானால் பெற்றோரே கூடித்தான் செய்ய வேண்டும். 1941-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தாய்மார்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டது இப்படித்தான். 1945-இல் இத்தாலியில் ரெஜியோ எமிலியா அருகே ஒரு சிற்றூர், போரில் கைவிடப்பட்ட டாங்கியையும் குதிரைகளையும் விற்று மழலையர் பள்ளி கட்டியதும் இப்படித்தான்.

முதலில் ஆட்களைச் சேருங்கள், கட்டடம் பிறகு. பத்து நிமிடம் நடந்து வரக்கூடிய தூரத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் போதும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி: குழந்தையின் வயது என்ன, வேலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூலி என்றைக்குக் கைக்கு வரும்? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு மாதக் கட்டணம் வைத்தால் இரண்டாம் மாதமே பாக்கி விழும். சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்களிடம் சனிக்கிழமைதான் வசூலிக்க வேண்டும்.

பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு பணியாளர் சம்பளம் 18,000 ரூபாய், வாடகை 4,000, சாப்பாடு தலைக்கு நாளுக்கு 20 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 6,240, கேஸ், சோப்பு, கரண்ட் 2,000, பழுதுக்கும் அவசரத்துக்கும் 1,760. ஆக மாதம் 32,000. ஒரு குழந்தைக்கு வாரம் 615 ரூபாய் வருகிறது. அதிகம் என்று தோன்றினால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பணியாளர் அடிக்கடி மாறினால் குழந்தைகள் ஏங்கிப்போகும். அரிசி, பருப்பைச் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம், வாடகை இல்லாத இடம் தேடலாம்.

வராத நாளுக்குக் கட்டணத்தில் கழிவு கிடையாது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பாதிக் குழந்தைகள் வராது; சம்பளமும் வாடகையும் குறையாது. நல்ல காப்பகங்கள் நொடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பதிவு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு உறுப்பினர் இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். காப்பகத்துக்கு வேறு என்னென்ன அனுமதியும் சான்றும் வேண்டும் என்பதைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சங்க விதிகளில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை, குழந்தையை இப்போது விடுகிற பெற்றோர், மிச்சப் பணத்தை யாரும் பங்கு பிரிக்கக் கூடாது, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. இடம் கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சாவியும் காசோலையும் அவரிடம் போனால் அது அவருடைய காப்பகம் ஆகிவிடும்.

ஒரு வயதுக்குக் கீழே மூன்று நான்கு குழந்தைக்கு ஒரு பெரியவர் வேண்டும். இரண்டு பணியாளரால் முடியாத நேரத்துக்குப் பெற்றோர் முறை வரட்டும். சமையலும் தூங்கவைப்பதும் ஒன்றாக வரும் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரைதான் ஆள் போதாது. பணியாளருக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

தூளியை உத்தரத்தில் கட்டுங்கள், ஜன்னல் கம்பியில் வேண்டாம். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம், கீழே மடித்த ஜமுக்காளம். எழுந்து உட்காரப் பழகிய குழந்தையைத் தூளியில் போடக் கூடாது. தலைகுப்புற விழும், துணி கழுத்தில் சுற்றும். அதற்குப் பாய்தான். பால் கொடுக்க ரப்பர் பாட்டிலை விடப் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நல்லது: கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம், இடுக்கில் பால் தங்காது. தாய் பீய்ச்சி வைத்த பால் 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் தாங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, குளிர்பெட்டி வேண்டும்.

ஏற்காட்டில் தொடங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் திடீரென்று குழந்தைகள் கூடும். அதற்கு முன்பே கூடுதல் ஆளைப் பேசி வையுங்கள். மூட்டத்தில் துணி காயாது. கீழே ஒரு குழந்தைக்கு ஆறு இடுப்புத்துணி போதுமென்றால் மேலே பன்னிரண்டாவது வேண்டும். ஈரம் போகாததைக் கட்டினால் புண் வரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாமல் நிற்கும்; பிரஷர் குக்கர் இல்லாமல் குழந்தைச் சாப்பாடு ஆகாது.

மாலையில் குழந்தையை யாரிடம் கொடுப்பது? சேர்க்கும்போதே மூன்று பேர் பெயரையும் படத்தையும் பதிவேட்டில் ஒட்டுங்கள். குடித்துவிட்டு வருகிறவரிடம், அப்பாவே ஆனாலும், கொடுப்பதில்லை. இந்த விதியில் எல்லாப் பெற்றோரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அன்றைக்குப் பணியாளர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிராது.

மூன்று வருடத்தில் தொடங்கியவர்களின் குழந்தைகள் பள்ளிக்குப் போய்விடும், அவர்களோடு கணக்குத் தெரிந்தவர்களும் போவார்கள். ஆகவே குழுவில் ஆண்டுதோறும் பாதிப் பேர் மட்டும் மாறட்டும். கணக்கு எழுதும் பொறுப்பை விடுகிறவர், புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் எழுதவைத்த பிறகே நோட்டைக் கொடுக்கட்டும்.