'டவுட்', 'மஸ்ட்', 'மே': ஊகத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது நாம் சறுக்கும் இடங்கள்

முதலில் 'டவுட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். மற்ற தவறுகளில் இலக்கணம் கெடும், அவ்வளவுதான். இதில் பொருளே தலைகீழாகிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, நல்ல கெட்டிக்காரன், சர்வர் அடிக்கடி நின்றுபோவதைப் பற்றி லண்டனில் இருக்கும் குழுவுக்கு மெயில் எழுதினான்: 'ஐ டவுட் தி கேபிள் இஸ் டேமேஜ்ட்.' அவன் சொல்ல வந்தது, கேபிள்தான் பழுதாகியிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன் என்பது. அங்கே படித்தவர்களுக்குப் புரிந்ததோ, கேபிளில் பழுது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது. அவர்கள் கேபிளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

தமிழில் சந்தேகம் இரண்டு பக்கமும் சாயும். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் எடுத்தான் என்ற பக்கம். 'அவன் வருவானா என்பது சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்ற பக்கம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'சஸ்பெக்ட்', இரண்டாவதற்குத்தான் 'டவுட்'. குழப்பமாக இருந்தால் 'ஐ டவுட்' என்று எழுதிய இடத்தில் 'ஐ டோன்ட் திங்க்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததுதான் வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது 'வேண்டும்'. எனக்குத் தெரிந்து நம்மவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. 'பார்சல் நேற்றே வந்திருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். வந்துவிட்டது, பக்கத்து வீட்டில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள் என்ற ஊகமாகவும் இருக்கலாம். நேற்று வரவேண்டியது, இன்னும் வரவில்லையே என்ற குறையாகவும் இருக்கலாம். தமிழில் குரலும் சூழ்நிலையும் பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ் கம்', குறைக்கு 'ஷுட் ஹேவ் கம்', இரண்டும் வேறு வேறு. பார்சல் வராத கோபத்தில் 'தி பார்சல் மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே' என்று புகார் எழுதினால், படிக்கிறவர் சரி, வந்துவிட்டதுபோல என்று நினைத்துக்கொள்வார்.

வடிவத்திலும் கவனம் வேண்டும். நேற்று நடந்ததை ஊகிக்கிறோம் என்பதற்காக 'மஸ்ட் கேம்', 'மஸ்ட் ஹேட் கம்' என்று எழுதக் கூடாது. 'மஸ்ட்' பக்கத்தில் எப்போதும் 'ஹேவ்'தான், அதற்கு அப்புறம் வினையின் மூன்றாவது வடிவம்.

இதன் எதிர்மறை இன்னொரு பொறி. வாசலில் வண்டி இல்லை, செருப்பு இல்லை, ஆகவே அவர் வீட்டில் இருக்க முடியாது என்று முடிவுக்கு வருகிறோம். 'மஸ்ட்'டின் எதிர்மறைதானே என்று 'ஹி மஸ்ட்டின்ட் பி அட் ஹோம்' என்று எழுதினால், அவர் வீட்டில் இருக்கவே கூடாது என்று தடை போட்டதுபோல ஆகிவிடும். 'ஹி காண்ட் பி அட் ஹோம்' என்பதுதான் சரி. அமெரிக்கர்கள் 'ஹி மஸ்ட் நாட் ஹேவ் ஹெர்ட் மீ' (நான் சொன்னது அவர் காதில் விழவில்லைபோல) என்று ஊகமாகவும் சொல்வார்கள், அது அவர்கள் வழக்கில் தவறில்லை. நாம் 'காண்ட்' என்றே வைத்துக்கொண்டால் எங்கே போனாலும் புரியும்.

இப்போது 'லாம்'. 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி, 'சினிமாவுக்குப் போகலாம்' என்றால் யோசனை, 'நாளைக்கு மழை வரலாம்' என்றால் சாத்தியம். ஒரே விகுதி இவ்வளவு வேலை செய்வதால் எல்லாவற்றுக்கும் 'கேன்' போட்டு 'இட் கேன் ரெய்ன் டுமாரோ' என்று எழுதிவிடுகிறோம். குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றிய ஊகத்துக்கு 'மே', 'மைட்', 'குட்' மூன்றில் எதுவும் சரி, 'கேன்' மட்டும் ஒட்டாது. அதே மழையைப் பொதுவான இயல்பாகச் சொன்னால் 'கேன்' அழகாக உட்காரும்: 'இட் கேன் ரெய்ன் வெரி ஹெவிலி இன் சென்னை இன் நவம்பர்.'

'மே'வுக்கும் 'மைட்'டுக்கும் என்ன வித்தியாசம் என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 'மைட்' கொஞ்சம் மெலிந்த சாத்தியம், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டியது 'நாட்' சேரும்போதுதான். 'ஹி மைட் நாட் கம்' என்றால் அவர் வராமலும் போகலாம். 'ஹி குட் நாட் கம்' என்றால் அவரால் வர முடியவில்லை, அதாவது கதை முடிந்துவிட்டது.

உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லும்போதும் இடறுகிறோம். 'தி மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே' என்ற சுற்றறிக்கை நம் ஊரில் சர்வசாதாரணம். 'வுட்' போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைக்கிறோம், வெளிநாட்டுக்காரருக்கோ 'எது நடந்தால் கூட்டம் நடக்கும்?' என்ற கேள்வி வரும். 'வில்' போதும். 'அப்பா இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்' என்று தமிழில் சொல்கிறோமே, ஆங்கிலத்திலும் அதே மாதிரி 'ஹி வில் ஹேவ் காட் ஆன் தி பஸ் பை நவ்' என்று சொல்ல முடியும் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த நாளில் அவ்வளவு சந்தோஷம்!

'கண்டிப்பா வரேன்' என்பதற்கு 'ஷ்யூர்லி' வேண்டாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஷ்யூர்லி யூ லாக்ட் தி டோர்?' என்றால் 'கதவைப் பூட்டிட்டீங்கதானே?' என்ற கவலை. நமக்கு வேண்டியது 'டெஃபினிட்லி'. அதன் இடமும் முக்கியம்: 'ஐ வில் டெஃபினிட்லி கம்', ஆனால் 'ஐ டெஃபினிட்லி வோன்ட் கம்'. 'ப்ராபப்லி'யும் இப்படியே இடம் மாறும்.

'லைக்லி' விஷயத்தில் 'ஹி வில் லைக்லி டு கம்' தவறு, 'ஹி இஸ் லைக்லி டு கம்' சரி. ஆனால் 'ஹி இஸ் பாசிபிள் டு கம்' என்று அதே அச்சில் வார்க்க முடியாது, 'இட் இஸ் பாசிபிள் தட் ஹி வில் கம்' என்றுதான் சுற்றிவர வேண்டும். சரி, 'லைக்லி' என்றால் எவ்வளவு? பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் ஐபிசிசி குழு தன் அறிக்கைகளுக்கு இதை எண்ணாகவே வரையறுத்திருக்கிறது: 'லைக்லி' என்றால் 66 சதவீதத்துக்குக் குறையாது, 'வெரி லைக்லி' என்றால் 90, 'வர்ச்சுவலி சர்ட்டன்' என்றால் 99. சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1951-இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் ஷெர்மன் கென்ட்டின் குழு, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'சீரியஸ் பாசிபிலிட்டி' என்று எழுதியது. அப்புறம் அவர் தன் குழுவினரிடமே கேட்டபோது, அந்தச் சொல்லுக்கு ஒருவர் 20 சதவீதம் என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லாரும் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவர்கள். ஆகவே பணமோ தேதியோ சம்பந்தப்பட்ட மெயில் என்றால் சொல்லோடு எண்ணையும் எழுதிவிடுங்கள், 'அபவுட் 70 பர்சென்ட்' என்று.

கடைசியாகச் சின்னது ஒன்று. 'ஒருவேளை' என்ற பொருளில் வரும் 'மேபி' ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது: 'மேபி ஹி இஸ் இல்.' வினையாக வரும்போது இரண்டு சொல்: 'ஹி மே பி இல்.' 'மேபி ஹி மே பி இல்' என்று இரண்டையும் சேர்த்துக் கட்டுவது நம் பேச்சில் ரொம்ப வருகிறது, ஏதாவது ஒன்றை வெட்டிவிடுங்கள்.