வேளாண்மையின் பங்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடுகளின் பொருளாதாரத்தில் வேளாண்மையின் இடத்தைப் பற்றி எழுதுவோர், மொத்த உற்பத்தியில் அதன் விகிதம் குறைந்ததுமே அதன் முக்கியத்துவமும் குறைந்துவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். விடுதலைக் காலத்தில் இந்தியாவின் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து வந்தது. இன்று ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உழைப்போரில் 100க்கு சுமார் 45 பேர் இன்னமும் அதை நம்பியே வாழ்கிறார்கள். விகிதம் குறைவது வளர்ச்சியின் இயல்புதான். இத்தனை பேர் அந்தச் சிறிய பங்கைப் பகிர்ந்துகொள்ள நேர்வதே சிக்கல்.

இதைவிடப் பெரிய தவறு, விளைச்சலையே வருமானமாக எண்ணுவது. நீலகிரியில் 1 கிலோ தேயிலைத் தூளுக்கு 4 கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். பறித்த இலை வாடிக் கெடுமுன் தொழிற்சாலை போய்ச் சேர வேண்டும் என்பதால், சிறு விவசாயிக்கு இருப்பு வைத்து விலை பேச வழியில்லை. ஏலத்தில் தூள் விற்ற விலையை ஒட்டியே அவருக்கான விலை பிறகு கணக்கிடப்படுகிறது. உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறியவர்கள் இங்கு ஏராளம். 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து தேயிலையின் பெரிய சந்தை குலைந்ததையும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் பச்சை இலை விலை சரிந்ததையும் நேரடியாகத் தாங்கியவர்கள் அவர்களே. செடி வழக்கம்போலத் துளிர்த்தது. வீட்டு வரவுதான் இல்லை. ஏற்றுமதிப் பயிரை வளர்ச்சிக்கான குறுக்குவழியாகப் பரிந்துரைப்பவர்கள் இந்த அனுபவத்தைப் படிப்பது நல்லது.

உணவு, உழைப்பு, மூலதனம், அந்நியச் செலாவணி ஆகியவற்றைத் தருவதோடு தொழில்துறைப் பொருட்களுக்குச் சந்தையாகவும் வேளாண்மை இருக்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் ஜான்ஸ்டனும் மெல்லரும் 1961-இலேயே எழுதினார்கள். இறுதியில் சொன்னது பலருக்கு நினைவிருப்பதில்லை. நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் பிடுங்கிய கேரட், இயந்திரத்தில் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும்வரை, சாக்கு, டீசல், ஏற்றுகூலி, லாரி வாடகை என்று எத்தனையோ பேருக்குப் பிழைப்பாகிறது. விவசாயி கையில் பணம் மிஞ்சினால்தான் பம்ப்செட்டும் துணியும் விற்கும்.

கிராமத்தை விட்டு ஆட்கள் வெளியேறுவதையே முன்னேற்றம் என்பதும் அவசரமான முடிவு. கோத்தகிரியிலிருந்து திருப்பூருக்குப் போனவர் நிலையான சம்பளம் பெறுகிறாரா, இல்லை அங்கும் தினக்கூலிதானா என்று பார்க்க வேண்டும். இங்கே இலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து ஆள் வரவேண்டியிருப்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.