காய்ச்சல் கணக்கில் ஏமாறாமல் இருக்க

ஐப்பசி மழை பிடித்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இரண்டு குரல் கேட்கும். டெங்கு கட்டுக்குள் இருக்கிறது என்று ஆளுங்கட்சி சொல்லும். மறைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லும். ஆட்சி மாறினால் பேச்சும் இடம் மாறும். வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது, நமக்குப் பிடித்த கட்சி சொல்லும் எண்ணை நம்புவதுதான் முதல் தவறு.

இரண்டு தரப்பும் பெரும்பாலும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன. தனியார் லேப்களில் ரேபிட் கார்டு டெஸ்ட் சகஜம். சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். அரசுக் கணக்கில் ஏறுவதற்கு, ஆய்வகத்தில் செய்யும் எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதியாக வேண்டும். கார்டில் பாசிட்டிவ் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர் பட்டியலில் இல்லாமல் போவது இப்படித்தான். அதை மறைப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. அரசு எண்தான் ஊரின் முழு நிலவரம் என்றும் கொள்ள முடியாது. எந்தச் சோதனை, எந்தத் தேதி வரை, எந்த மாவட்டம் என்ற மூன்றும் இல்லாத எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள். சோதனை எடுத்த நாளும் முக்கியம். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, அதன்பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை. இரண்டாம் நாளே ஐஜிஎம் மட்டும் எடுத்து, நெகட்டிவ் வந்ததும் டெங்கு இல்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

அரசு சொல்வதெல்லாம் பொய் என்று மொத்தமாக ஒதுக்குவதும் அதே அளவு கெடுதல். கொரோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முடிய இந்தியாவின் அதிகாரபூர்வ இறப்பு சுமார் 4.8 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட, மத்திய அரசு மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் வெளியான அரசின் சொந்தப் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கையில், 2020இல் 81 லட்சமாக இருந்த இறப்புப் பதிவு 2021இல் 1.02 கோடியாகியிருந்தது. கூடுதலான அத்தனையும் கொரோனா அல்ல. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் அதில் உண்டு. ஆனாலும் சான்றிதழுக்காக எழுதப்படும் பதிவேட்டை, பேட்டிக்காகத் திரட்டும் எண்ணைப்போல எளிதில் வளைக்க முடியாது. தலைவர்கள் விடும் அறிக்கையைவிடப் பதிவேட்டு அட்டவணையைத் தேடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய லிங்க் என்பதால் அது அரசியலுக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது. அங்கே 2025 ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். நவம்பரில், அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் இணையதளத்தில் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் பற்றிய பக்கமே மாற்றி எழுதப்பட்டது. ஒரு பக்கம் திடீரென மாறினால், பழைய வடிவத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். புதிய ஆய்வு வந்து மாறியதா, ஆட்கள் மாறியதால் மாறியதா? உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் மூன்றும் ஒரே கருத்தில் நின்றால், மாறிய இணையப் பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பை நம்பியதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2017இல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாமை வதந்தி எவ்வளவு தடுமாற வைத்தது!

எண்ணைச் சரிபார்க்கும் வேலைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகத்துக்கு 104 இருக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி கண்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.